போருக்குப் போனவருக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை கீழாநெல்லி பத்திப் பேசினதுக்கு நிறையப் பேர் எழுதியிருந்தீங்க. பாதிப் பேர் திட்டு, பாதிப் பேர் அவங்கவங்க பாட்டி வைத்தியம். ரெண்டுக்கும் பதில் பிறகு. அதுக்கு நடுவுல ஒரு கேள்வி வந்துச்சு, அதைப் படிச்சிட்டு காபி ஆறிப்போனதுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன். இன்னிக்கு அது ஒண்ணுதான். வாசிக்கிறேன்.

"ஐயா, எனக்கு சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒண்ணுல, மனநல வார்டுல நர்ஸா இருக்கேன். எங்க வார்டுல வந்து சேர்றவங்க ஃபைலைத் திறந்தா அடிக்கடி ஹெபடைட்டிஸ் சின்னு இருக்கு. வியட்நாம் போயிட்டு வந்த பெரியவங்கதான் அதிகம். மனசு வியாதிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிடுற மாத்திரை காரணமா, போர்ல இருந்து கொண்டுவந்ததா? கூடவே வேலை செய்யற எங்களுக்கு ஒட்டிக்குமா? தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சிருங்க."

தப்பா? அம்மா, இதை யாராவது கேப்பாங்களான்னு நான் பல வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன். பழைய நேயர்களுக்குத் தெரியும், நானும் கொஞ்ச காலம் அங்க கல்லீரல் பிரிவுல இருந்தவன்தான். மனநல வார்டுல இருந்து கூப்பிட்டா ஓடற ஆள் நான். கூப்பிடறது அபூர்வம், அது வேற கதை. வர்றேன்.

முதல்ல அந்த மூணாவது கேள்வி, ஏன்னா அதுலதான் பயம் இருக்கு. ஒட்டாதும்மா. கூட உக்காந்து சாப்பிட்டா வராது, கையைப் பிடிச்சா வராது, தும்மினா வராது. ஹெபடைட்டிஸ்னா கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கற வைரஸுங்களுக்கு ஏ, பி, சி, ஈன்னு எழுத்துதான் பேர். சி ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போறது. ஊசி குத்திக்கிட்டாக்கூட, நோயாளிக்கு சி இருந்தாலும், நமக்கு வர்ற வாய்ப்பு நூத்துக்கு ரெண்டுக்கும் கீழதான். பி அப்படியில்ல. தடுப்பூசி போடாதவருக்கு, குத்தின ஊசி மூலமா நூத்துக்கு முப்பது வரைக்கும்கூடப் போகும். ஆனா பிக்குத் தடுப்பூசி இருக்கு. நீங்க நர்ஸ், போட்டிருப்பீங்க. போட்டது மட்டும் போதாது, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. சிக்கு இன்னிய வரைக்கும் தடுப்பூசி கிடையாது.

இப்ப முதல் கேள்வி. நம்ம சேனல்ல நான் தேய்ஞ்ச ரெக்கார்டு மாதிரி சொல்ற ஒரு வாக்கியம் இருக்கே, இந்நேரம் சில பேர் எனக்கு முன்னாடியே சொல்லியிருப்பீங்க. வைரஸ் பள்ளத்தைப் பார்த்து ஓடற தண்ணி. இது யாரு வீடு, எந்த ஜாதி, பைத்தியமா தெளிவா, பட்டாளமா சிவிலியனான்னு தண்ணி கேக்காது. எங்க பள்ளமோ அங்க போகும். ஏவும் ஈயும் வாய் வழியா, கெட்ட தண்ணி வழியா. பியும் சியும் ரத்த வழியா, பி உடலுறவு வழியாவும், தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கும், சி அப்படிப் போறது கம்மி. அவ்வளவுதான் பாதை. அதனால மனசு வியாதி கல்லீரல் நோயைக் கொண்டுவர்றதில்ல. மனசு வியாதி ஒரு மனுஷனை எந்தப் பள்ளத்துல கொண்டுபோய் நிறுத்துதுன்னு பாருங்க, அங்க வைரஸ் இருக்கும்.

இதை நான் சும்மா சொல்லல. ஹெபடைட்டிஸ் பி கண்டுபிடிச்ச கதையே இதுதான். பரூக் பிளம்பர்க், 1976-ல நோபல் வாங்கினவர். அவர் பிறந்த நாள் ஜூலை 28, அதைத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாக் கொண்டாடறோம். அவர் ஆரம்பத்துல வைரஸைத் தேடவே இல்ல. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தர் ரத்தத்துல ஒரு புரதம் கிடைச்சுது, அது என்னன்னு தேடிக்கிட்டு இருந்தார். டவுன் சிண்ட்ரோம்ங்கிற பிறவிக் குறைபாடு இருக்கிறவங்ககிட்ட அது அதிகமாத் தெரிஞ்சுது. சரி, பிறவியிலேயே வர்றது போலன்னு நினைக்கத் தோணும் இல்லையா? ஆனா எங்க அதிகம்னு பார்த்தா, பெரிய பெரிய விடுதிகள்ல இருந்தவங்ககிட்ட. சின்ன விடுதியில கம்மி. பிறந்த குழந்தைங்ககிட்ட இல்லவே இல்ல. அப்ப அது பிறவி இல்ல, இடம். நூத்துக்கணக்கான பேரை ஒரே கூரைக்குக் கீழ அடைச்சு வச்ச இடம். அப்புறம் ஒரு நோயாளிக்கு முதல்ல அது இல்லாம இருந்து, பிறகு வந்துச்சு. அவருடைய கல்லீரல் என்சைமும், அதாவது கல்லீரல் காயப்பட்டா ரத்தத்துல ஏறற பொருள், கூடவே ஏறிச்சு. அப்பத்தான் இது ஒரு கல்லீரல் வைரஸோட புரதம்னு பிடிபட்டுது.

பிளம்பர்க் பேரைச் சொன்னா நம்ம ஊரைச் சொல்லாம விட முடியல, ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க. அவர் நம்ம மெட்ராஸ்ல பேராசிரியர் தியாகராஜனோட சேர்ந்து கீழாநெல்லி ஆராய்ச்சி பண்ணவர். 1988-ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு. பி வைரஸ் சுமக்கிறவங்க 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி குடுத்தாங்க, 22 பேருக்கு ரத்தத்துல அந்தப் புரதம் மறைஞ்சுது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். ஊரே குதிச்சுது. ஆனா பிறகு வேற இடங்கள்ல பண்ணிப் பார்த்தப்போ அதே மாதிரி வரல. போன வாரம் என்னைத் திட்டினவங்களுக்கு இதுதான் பதில். நான் கீழாநெல்லிக்கு எதிரி இல்ல. திரும்பப் பண்ணினா திரும்ப வரணும், அவ்வளவுதான் நான் கேக்கறது. விடுங்க.

எங்க விட்டேன்? போர். ரெண்டாவது கேள்வி.

அமெரிக்கப் பட்டாளத்துக்கும் கல்லீரலுக்கும் பழைய பகை உண்டு. 1942. இரண்டாம் உலகப்போருக்குக் கிளம்பற சிப்பாய்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாங்க. அந்தத் தடுப்பூசியைக் கெடாம வைக்க மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்த சீரம் கலந்திருந்தாங்க. அந்த ரத்தம் குடுத்த சில பேருக்கு ஹெபடைட்டிஸ் பி. யாருக்கும் தெரியாது, பி வைரஸ்னு ஒண்ணு இருக்கிறதே அப்ப தெரியாதே. சுமார் 50,000 சிப்பாய்களுக்குக் காமாலை வந்துச்சு. பிற்பாடு 1980-கள்ல அந்தப் பழைய ஆட்களைத் தேடிப் பிடிச்சு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கிருமி உள்ள போனவங்க கணக்கு மூணே கால் லட்சத்துக்கும் மேல. எதிரி குண்டு போடறதுக்கு முந்தியே! ஆனா அதுல ஒரு ஆறுதல். வயசு வந்தவங்களுக்கு பி வந்தா உடம்பு பெரும்பாலும் அதை விரட்டிடும், காலம் பூரா சுமக்கிறவங்க ரொம்பக் கம்மி. அந்த சிப்பாய்கள்லயும் அப்படித்தான்.

சி நேர் எதிர். வந்த நூறு பேர்ல பாதிக்கும் மேல, சில கணக்குப்படி எண்பத்தஞ்சு பேர் வரைக்கும், அது தங்கிடும். சத்தம் போடாது. காமாலைகூட வராது பல பேருக்கு. இருபது, முப்பது வருஷம் கழிச்சு கல்லீரல் சுருங்கி, வயித்துல நீர் கட்டி நிக்கும்போதுதான் தெரியும். வியட்நாம்ல இருந்து 1970-ல வந்த ஆள் 2000-ல வந்து நிக்கிறது அதனாலதான்.

சரி, வியட்நாம்லதான் வந்துச்சா? இங்கதான் நிறையப் பேர் அவசரப்படறாங்க. போர்க்களத்துல ரத்தம் ஏத்தினாங்க. அமெரிக்காவுல ரத்தத்துக்கு சி பரிசோதனை 1990-லதான் வந்துச்சு, நல்ல பரிசோதனை 1992-ல. அதுக்கு முன்னாடி ஏத்தின ரத்தம் எல்லாம் குலுக்கல் சீட்டு. அப்புறம் அந்தத் துப்பாக்கி ஊசி. சிப்பாய்களை வரிசையில நிக்க வச்சு, ஊசியே இல்லாம காத்தழுத்தத்துல தோளுக்குள்ள மருந்தை அடிக்கிற மெஷின். ஒருத்தர் ரத்தம் மெஷின் மூக்குல ஒட்டிக்கிட்டு அடுத்தவருக்குப் போச்சோன்னு சந்தேகம். 1997-ல ராணுவம் அதை நிறுத்திருச்சு. 1980-கள்ல கலிபோர்னியாவுல ஒரு உடம்பு இளைக்கிற கிளினிக்குல இந்த மாதிரி மெஷின் மூலமா பி பரவினது உறுதியாச்சு. சிக்கு அப்படி உறுதியான சாட்சி இல்ல. வி.ஏ., அதாவது அவங்க முன்னாள் ராணுவத்தினர் துறை, 2004-ல 'நடக்கக்கூடியதுதான்'னு சொல்லி வச்சுது. அது வழவழான்னு சொன்ன மாதிரி இருந்தாலும், நேர்மையான பதில்தான்னு எனக்குப் படுது.

ஆனா பெரிய பள்ளம் அது இல்ல. ஊசிப் போதை. இதுல ஒரு வேடிக்கை. வியட்நாம்ல சிப்பாய்கள் ஹெராயின் எடுத்தாங்க, நிஜம்தான். 1971 செப்டம்பர்ல ஊர் திரும்பினவங்களை லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணாங்க. அஞ்சுல ஒருத்தர் அங்க அடிமையா இருந்தேன்னு சொன்னார். ஆனா அங்க சரக்கு சுத்தம், மலிவு. அதனால பெரும்பாலும் சிகரெட்டுல வச்சுப் புகைச்சாங்க, ஊசி இல்ல. ஊருக்கு வந்ததும் பெரும்பாலானவங்க விட்டுட்டாங்க. விடாதவங்க? அமெரிக்கத் தெருவுல சரக்கு கலப்படம், விலை ஜாஸ்தி. அப்பத்தான் ஊசி. ஒரே சிரிஞ்ச், மூணு பேர். அப்ப வைரஸ் வந்தது போர்லயா, போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகா? தூக்கம் வராம, வெடிச்சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கிற ஆளு, குடிச்சு, போதை ஏத்தி, வேலை போய், வீடு போய், தெருவுல படுத்து. பள்ளம் அங்க வெட்டப்பட்டுது.

கணக்கும் அதைத்தான் காட்டுது. வி.ஏ. ஆஸ்பத்திரிகளுக்கு வர்றவங்கள்ல சி எத்தனை பேருக்குன்னு நாடு முழுக்க எடுத்த கணக்கு 2005-ல வந்துச்சு: நூத்துக்கு 5.4. அதுக்கு முந்தின கணக்குல பொது ஜனத்துக்கு 1.8. இது எல்லாம் பட்டாளம்னால மட்டும் இல்ல. 1945-ல இருந்து 65-க்குள்ள பிறந்தவங்கதான் அப்ப அந்த நாட்டு சி நோயாளிகள்ல முக்கால்வாசி, வியட்நாம் ஆளுங்க அந்த வயசுக்காரங்க. இப்ப மனநோய் பக்கம் வாங்க. 2001-ல நாலு மாநிலத்துல, தீவிர மனநோய் இருக்கிற 931 பேர் ரத்தத்தைப் பார்த்தாங்க. சி நூத்துக்கு 19.6. பி வந்து போன தடயம் 23.4. பொது ஜனத்தைவிட சி பதினோரு மடங்கு, பி அஞ்சு மடங்கு. உங்க வார்டுல இருக்கிறவர் ரெண்டு வட்டத்துக்குள்ளயும் நிக்கிறார்மா: முன்னாள் ராணுவம், தீவிர மனநோய். அப்ப உங்க கண்ணு பொய் சொல்லல.

மாத்திரை காரணமான்னு கேட்டீங்க. மாத்திரை வைரஸைக் கொண்டுவராது. வால்புரோயேட் மாதிரி சில மனநல மருந்து அபூர்வமாக் கல்லீரலைக் கெடுக்கும், அது உண்மை. ஆனா நான் அதிகம் பார்த்தது இதுக்கு நேர்மாறு. ரத்த டெஸ்ட்ல என்சைம் ஏறியிருக்கும். 'ஆங், மாத்திரைதான்'னு நிறுத்திடுவாங்க. மனுஷன் திரும்ப நிலைகுலைஞ்சு போவார். என்சைம் இறங்காது. ஏன்னா உள்ள உக்காந்திருக்கிறது வைரஸ், அதை யாரும் தேடல. பழியை மருந்து மேல போட்டாச்சு, வேலை முடிஞ்சுது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். நீங்க கேட்டது 'ஏன் வருது'. நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கோவிச்சுக்காதீங்க, 'வந்ததை ஏன் இத்தனை நாள் யாரும் தொடல'ங்கறது. மனநல வார்டுல படுத்திருக்கிறவருடைய உடம்பு யாருடைய பொறுப்பு?

ஒரு நாள் கூப்பிட்டாங்க. அறுபது வயசு இருக்கும் அவருக்கு, வியட்நாம் ஆளு. பகல் பூரா தூக்கம், ராத்திரி முழிச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கார், கேட்டா வேற ஏதோ பதில். மனச்சோர்வு முத்திருச்சுன்னு மருந்தைக் கூட்டியிருந்தாங்க. கூட்டக் கூட்ட இன்னும் மோசம். நான் போய், பஸ்ஸை நிறுத்தற டிராஃபிக் போலீஸ் மாதிரி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, உள்ளங்கையைத் தூக்கிப் பிடிங்கன்னு சொன்னேன். ரெண்டு நொடிக்கு ஒரு தடவை கை தட்தட்டுனு விழுது, எந்திரிக்குது. கோழி சிறகடிக்கிற மாதிரி. அது கல்லீரல் சொல்ற சேதி. கல்லீரல் வடிகட்ட முடியாத கழிவு மூளைக்கு ஏறி, ஆளைக் குழப்பி வச்சிருக்கு. லாக்டுலோஸ்னு ஒரு இனிப்பான சிரப், மலச்சிக்கலுக்கும் குடுக்கறது. அதைக் குடுத்தோம். மூணாவது நாள் காலையில போனேன், பேப்பர் கொண்டாங்கன்னு நர்ஸ்கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தார். மனச்சோர்வு இல்லைன்னு சொல்லல, இருந்துச்சு. ஆனா அந்தக் குழப்பம் மனசுல இருந்து வரல. அவருக்கு சி இருக்குன்னு அன்னிக்குத்தான் அவருக்கே தெரியும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை அந்த மாதிரி வார்டுல படுத்திருப்பார்!

அடுத்தது என் குத்தம். அதையும் சொல்லிடறேன். அன்னிக்கு சிக்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான். 1991-ல அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு, 98-ல ரிபாவிரின்னு இன்னொரு மருந்தும் சேர்ந்துச்சு. ஊசி, பல மாசம், சில வகைக்கு ஒரு வருஷம். அதுக்கு ஒரு கெட்ட குணம், நல்லா இருக்கிறவரையே மனச்சோர்வுல தள்ளும், சில பேரைத் தற்கொலை யோசனை வரைக்கும். அதனால மனநோய் இருக்கிறவருக்கு அதைக் குடுக்கவே பயம். நானும் பல ஃபைல்ல எழுதியிருக்கேன், 'சிகிச்சைக்குத் தகுதி இல்லை'ன்னு. ஒரே வரி, கையெழுத்து. அது தப்பான்னு கேட்டா, அன்னிய மருந்துக்கு அது பாதி நியாயம். மீதிப் பாதிக்கு எங்ககிட்ட பதில் இல்ல. 2002-லயே தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழு, இவங்களை ஒட்டுமொத்தமா ஒதுக்காதீங்க, மனநல டாக்டரோட சேர்ந்து பாருங்கன்னு சொல்லிருச்சு. சேர்ந்து பார்க்க ரெண்டு டாக்டர் ஒரே நேரத்துல ஒரே ரூம்ல இருக்கணுமே. எழுதறது சுலபம், எழுதினோம். யாருக்கு அந்த வைரஸ் அதிகமோ, அவங்களுக்குத்தான் மருந்து கிடையாது. தண்ணி பள்ளத்தைப் பார்த்து ஓடுச்சு, பக்கெட்டு எல்லாம் மேட்டுல இருந்துச்சு.

2013 டிசம்பர்ல கதை மாறிச்சு. சோஃபோஸ்புவிர். மாத்திரை, பன்னிரண்டு வாரம், மனசைக் கெடுக்கிற பிரச்சினை இல்ல. முதல்ல பல பேருக்கு இன்டர்ஃபெரானும் கூட வேண்டியிருந்துச்சு, 2014-ல அதுவும் தேவையில்லாமப் போச்சு. விலைதான், அப்ப ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! மொத்தம் 84,000. ஆரம்பத்துல கல்லீரல் ரொம்பக் கெட்டவங்களுக்கு முதல்லன்னு வரிசை வச்சாங்க. 2016-ல வி.ஏ. அந்த வரிசையை எடுத்துருச்சு, எந்த நிலையில இருந்தாலும் மருந்து. 2019-ல கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் குணமாயிட்டாங்கன்னு அறிவிச்சாங்க. அரசாங்க ஆஸ்பத்திரின்னா உருப்படாதுன்னு சொல்ற ஆளுங்ககிட்ட நான் இதைத்தான் நீட்டுவேன். நம்ம ஊர்லயும் 2018 ஜூலை 28-ல தேசியத் திட்டம் ஆரம்பிச்சு மருந்து இலவசமாக் குடுக்கறாங்க, தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க.

ஆனா மனநல வார்டுக்குன்னு ரெண்டு எச்சரிக்கை இருக்கு, குறிச்சுக்கோங்கம்மா. கார்பமஸெபின்னு ஒரு மனநல மருந்து சாப்பிடறவருக்கு சோஃபோஸ்புவிர் சரியா வேலை செய்யாது, குடலே அதை உள்ள விடாம வெளிய தள்ளிடும். மருந்தை மாத்தணும், அது உங்க மனநல டாக்டர் கையில. இன்னொண்ணு, சியை அடிக்கும்போது தூங்கிக்கிட்டு இருந்த பி எந்திரிச்சுக்கலாம். 2016-ல இதுக்கு மருந்து விவரத் தாள்லயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை போடச் சொன்னாங்க. அதனால சி சிகிச்சைக்கு முன்னாடி பி டெஸ்ட் கட்டாயம்.

இப்ப பாருங்க, அந்த வார்டுதான் நல்ல இடம்னு நான் ஏன் சொல்றேன். வெளிய இருக்கும்போது இவரைப் பிடிக்க முடியாது. அப்பாயின்ட்மென்ட் குடுத்தா வரமாட்டார், போன் மாறிடும், விலாசம் பாலத்துக்குக் கீழ. வார்டுல பத்து நாள் இருக்கார். மூணு வேளை சாப்பாடு, எப்படியும் ரத்தம் எடுக்கறீங்க. அதே குழாய்ல பியும் சியும் பார்த்துடுங்க. பிக்கு எதிர்ப்பு இல்லையா, அங்கயே முதல் ஊசி போட்டு அனுப்புங்க. மூணு ஊசின்னா ஆறு மாசம் இழுக்கும், 2017-ல வந்த புது ஊசி ஒரு மாசத்துல ரெண்டே தடவையில முடியும், அது இவருக்குத் தோது. ஏக்கும் ஊசி போடுங்க. 2016 கடைசியில இருந்து 2018 வரைக்கும் சான் டியாகோல வீடில்லாதவங்க நடுவுல ஏ பரவி 592 பேருக்கு வந்து, 20 பேர் செத்தாங்க. அது பட்டாளத்து ஊரு. கழிப்பறை இல்லாத தெருவுக்குத்தானே நம்ம ஆளு திரும்பப் போறார்?

சி டெஸ்ட்ல ஒரு சின்ன விஷயம். முதல்ல பார்க்கறது ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கற பொருள். அது 'வந்துட்டுப் போச்சு'ன்னும் சொல்லும், 'இன்னும் இருக்கு'ன்னும் சொல்லும், பிரிச்சுச் சொல்லாது. குணமானவருக்கும் காலம் பூரா பாசிட்டிவ்தான். வைரஸ் இப்ப இருக்கான்னு, வைரஸோட மரபுப் பொருளையே தேடற ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சொல்லும். நான் பார்த்த எத்தனையோ ஃபைல்ல 'சி பாசிட்டிவ்'னு வருஷக்கணக்கா எழுதி எழுதி வந்திருப்பாங்க, ஆர்.என்.ஏ. ஒரு தடவைகூட அனுப்பியிருக்க மாட்டாங்க. குணமாயிட்டாரா, கெட்டுக்கிட்டு இருக்காரான்னு யாருக்கும் தெரியாது.

அம்மா, நாளைக்கு டூட்டிக்குப் போனதும் ஒண்ணு பண்ணுங்க. பேர் எல்லாம் எனக்கு வேண்டாம். உங்க வார்டுல 'சி பாசிட்டிவ்'னு எழுதியிருக்கிற ஃபைல் எத்தனை, அதுல ஆர்.என்.ஏ. போனது எத்தனைன்னு எண்ணிப் பார்த்து, போகாததை டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எழுதுங்க, அதுல இருந்து அடுத்த வாரம் ஆரம்பிக்கறேன். கீழாநெல்லிப் பொடி எத்தனை ஸ்பூன்னு கேட்டிருந்த மதுரைக்காரர் அது வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.